அறிவுரைக்கு முன் ஒரு கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன்பு மும்பையில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாகப் பணியாற்றினேன். தாராவியில் வசித்த ஓர் அம்மையார் மாதம் ஒருமுறை கிளைக்கு வருவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடியேறிய குடும்பம். விடியற்காலையில் வீட்டிலேயே இட்லி அவிப்பார்கள்; கணவரும் மைத்துனரும் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுசென்று விற்று வருவார்கள். அரிசி, உளுந்து வாங்குவது முதல் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரை வரவு செலவு முழுவதும் அந்த அம்மையாரின் பொறுப்பு.

அவர் பெயரில் எங்கள் கிளையில் 30,000 ரூபாய் நிரந்தர வைப்பு இருந்தது. அதே கிளையில் 22,000 ரூபாய் நகைக்கடனும் இருந்தது. வைப்புக்கு நாங்கள் கொடுத்த வட்டியைவிடக் கடனுக்கு அவர் கட்டிய வட்டி கூடுதல். எனக்கு இது பெரிய அறியாமையாகத் தோன்றியது. "வைப்பை உடைத்துக் கடனை அடைத்துவிடுங்கள், அம்மா. நகையும் வீட்டுக்கு வரும், வட்டியும் மிச்சமாகும்" என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தயங்கினார். மறுமாதமும் சொன்னேன். விவரம் தெரிந்தவர் சொல்கிறாரே என்று ஒப்புக்கொண்டார்.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, மகளின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டிய நேரத்தில், அதே நகைகளோடு வந்து நின்றார். வைப்பை உடைத்ததில் மீந்த பணம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. நகைக்குக் கிடைத்த தொகை போதவில்லை. எஞ்சியதை வெளியில் வட்டிக்கு வாங்கப்போவதாகச் சொன்னார். "மிச்சமான வட்டியை மாதாமாதம் சேர்த்து வைத்திருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கடன்னா நீங்க கேட்டு வருவீங்க சார், எப்படியும் கட்டிருவேன். உடைச்ச சேமிப்பத் திரும்பச் சேக்கச் சொல்லி யாரு சார் வந்து கேப்பாங்க?" என்றார்.

நான் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த வைப்பு எதற்காக இருந்தது, வட்டி கட்டிக்கொண்டும் அதை ஏன் தொடாமல் வைத்திருந்தார் என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. மகளின் படிப்புக்கென்று அவர் கட்டியிருந்த வேலியை நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன் என்பது மிகத் தாமதமாகத்தான் புரிந்தது.

மனிதர்களின் பணப் பழக்கங்களை ஆராயும் நடத்தை அறிவியல் இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. டேனியல் கானமன் 2002-லும் ரிச்சர்டு தேலர் 2017-லும் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றது இத்துறைப் பணிகளுக்காகத்தான். ஆயினும் இந்த அறிவியலின் உயிர், நமக்குப் புரியாத ஒரு செயலைக் கண்டவுடன் "தவறு" என்று முடிவு கட்டாமல், "இது அவருக்கு எதைச் செய்து கொடுக்கிறது?" என்று கேட்கும் ஆவலில் இருக்கிறது. அந்த ஆவல் இல்லாத இடத்தில் நல்லெண்ணமும் கெடுதல் செய்யும் என்பது என் கருத்து.

சேமிப்பதற்குக் கட்டணம்

வறிய குடும்பங்களின் நிதிப் பழக்கங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு, விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் தாம் கண்ட ஒரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். அங்கே ஒரு பெண்மணி நாள்தோறும் வீடு வீடாகச் சென்று 5 ரூபாய் வாங்கி, ஓர் அட்டையில் குறித்துக்கொள்வார். 220 நாள்களில் 1,100 ரூபாய் சேரும். அதில் 100 ரூபாயைத் தமக்குக் கூலியாக எடுத்துக்கொண்டு 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பார்.

வங்கியில் போட்டால் வட்டி கிடைக்கும். இங்கோ சேமிப்பவரே பணம் கொடுக்கிறார். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 30 விழுக்காடு இழப்பு. கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது பேதைமை. ஆனால் அந்தப் பெண்களின் நாளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கையில் தங்கும் 5 ரூபாய், மாலைக்குள் தேநீராகவோ பிள்ளைகளின் தின்பண்டமாகவோ உறவினரின் அவசரத் தேவையாகவோ போய்விடும். வங்கிக்குச் சென்று 5 ரூபாய் கட்டுவதென்றால் அரைநாள் கூலி போகும். வாசலுக்கு வந்து, தினமும் தவறாமல், முகத்தைப் பார்த்துக் கேட்கும் ஒருவர் இருந்தால்தான் பள்ளிக் கட்டணத்துக்கு 1,000 ரூபாய் சேரும். அந்த 100 ரூபாய், ஒழுங்குக்கும் வீடு தேடி வருவதற்கும் கொடுக்கும் கூலி.

தாராவி அம்மையார் என்னிடம் கேட்ட "யாரு வந்து கேப்பாங்க?" என்ற கேள்விக்கு விஜயவாடாப் பெண்கள் முன்பே ஒரு விடை கண்டுபிடித்திருந்தார்கள்.

நாட்குறிப்பு காட்டிய உண்மை

இதே ரூதர்ஃபோர்டும் டேரில் காலின்ஸ், ஜானதன் மார்டக், ஆர்லாண்டா ருத்வென் ஆகியோரும் சேர்ந்து 2009-இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250-க்கும் மேற்பட்ட வறிய குடும்பங்களை ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை, ஓர் ஆண்டு முழுவதும் சந்தித்து, வந்த பணத்தையும் போன பணத்தையும் எழுதிவைத்ததன் பயன் அது.

"அன்றாடங்காய்ச்சிகளிடம் நிதி நிர்வாகம் என்று என்ன இருந்துவிடப் போகிறது?" என்ற எண்ணத்தை அந்த நாட்குறிப்புகள் உடைத்தன. ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது நான்கு விதமான நிதி ஏற்பாடுகளைப் பயன்படுத்தி வந்தது: வீட்டில் ஒளித்த பணம், அக்கம்பக்கத்தில் கைமாற்று, கடையில் பற்று, சீட்டு, முதலாளியிடம் முன்பணம் என்று பலவகை. கடனும் சேமிப்பும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருந்தன. குறைந்த வட்டி தரும் சேமிப்பைத் தொடாமல் கூடிய வட்டிக்குக் கடன் வாங்கிய ஒரு பெண்மணியின் கதையும் அதில் உண்டு. கடனை எப்படியும் விரைவில் அடைத்துவிட முடியும், சேமிப்பைக் கரைத்தால் மீண்டும் சேர்ப்பது கடினம் என்பதே அவர் சொன்ன காரணம். அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இந்த ஆய்வாளர்களுக்கு முதல் சந்திப்பிலேயே உண்மை கிடைத்துவிடவில்லை. பல சந்திப்புகளுக்குப் பிறகே குடும்பத்தின் முழுச் சித்திரம் தெளிந்தது. ஒருமுறை வந்து படிவம் நிரப்பிப் போகிறவரிடம் யாரும் தம் கடனைச் சொல்வதில்லை. மறுபடியும் மறுபடியும் வந்து, இடையில் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டவரிடமே சொன்னார்கள். வருமானத்தின் அளவைவிட அதன் ஒழுங்கின்மையே பெருஞ்சிக்கல் என்பதும் அப்படித்தான் வெளிப்பட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக 200 ரூபாய் என்றால் தினமும் 200 வருகிறது என்று பொருளல்ல. ஒருநாள் 600, அடுத்த இரண்டு நாள் ஒன்றுமில்லை என்றும் பொருள்.

புரிந்துகொள்வது ஏற்றுக்கொள்வதாகுமா?

இங்கே வாசகர் ஒரு நியாயமான மறுப்பை எழுப்பக்கூடும். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டே போனால், தவறென்று எதையும் சொல்லக்கூடாதா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சென்னையின் காய்கனி வியாபாரிகளைப் பற்றி அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வியாபாரி காலையில் ஏறத்தாழ 1,000 ரூபாய்ச் சரக்கைக் கடனாகப் பெற்று, மாலையில் சராசரியாக 1,046 ரூபாய் 90 காசு திருப்பிக் கொடுக்கிறார். நாளொன்றுக்கு 4.69 விழுக்காடு வட்டி. ஆண்டில் 300 நாள் வியாபாரம் என்றால் 1,000 ரூபாய் முதலுக்கு 14,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டுமே போகிறது. தினமும் 5 ரூபாய் மிச்சம் பிடித்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால், மிச்சமாகும் வட்டியும் சேர்ந்து இரண்டு மாதங்களுக்குள் கடனிலிருந்து முழுவதும் விடுபடலாம். இது கெடுதல்தான், ஐயமில்லை.

ஆனால் கெடுதலை நீக்குவதற்கும் ஆவல் தேவைப்படுகிறது. இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் மூன்று இடங்களில் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். இத்தகைய கடனாளிகளின் கந்துவட்டிக் கடனைத் தாமே அடைத்துவிட்டார்கள். கடன் தீர்ந்தால் வாழ்வு மாறிவிட வேண்டும் அல்லவா? பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடனுக்குள் சென்றுவிட்டார்கள் என்பதே 2019-இல் வெளியான முடிவு.

இதைப் பார்த்து, "இவர்களைத் திருத்த முடியாது" என்பவர் உண்டு. நான் வேறு விதமாகப் படிக்கிறேன். காய்ச்சல், மழை, உறவில் ஒரு சாவு என எது வந்தாலும் தாங்குவதற்கு அந்த வீட்டில் ஒரு சிறு சேமிப்பும் இல்லை. விடியற்காலையில் ஆவணம் கேட்காமல் பணம் தர அந்தக் கடன்காரரைத் தவிர வேறு எவரும் இல்லை. கடனை அடைத்தவர்கள் கடனை நீக்கினார்கள். அந்தக் கடன் செய்துகொண்டிருந்த வேலைக்கு மாற்று எதையும் வைக்கவில்லை.

பணமுடை மனத்தையே நெருக்குகிறது என்று சொல்லும் ஆய்வும் உண்டு. தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளிடம், அறுவடைக்கு முன்பு பணம் வற்றியிருந்தபோதும் அறுவடைக்குப் பின்பு கையில் பணம் இருந்தபோதும் ஒரே வகையான அறிவுத்திறன் சோதனைகள் நடத்தப்பட்டன. அதே மனிதர் அறுவடைக்கு முன்பு குறைவாகவும் பின்பு கூடுதலாகவும் மதிப்பெண் பெற்றார் என்பது 2013-இல் வெளியான முடிவு. ஊதிய நாளுக்கு முன்னும் பின்னும் அமெரிக்கர்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறரைப் பற்றி மட்டுமன்றித் தன் முடிவுகளைப் பற்றியும் ஆவலோடு கேட்டுக்கொள்வதுதான் அறிவியலுக்கு அழகு. ஆயினும் நெருக்கடியில் இருப்பவரிடம் "கொஞ்சம் யோசித்துச் செய்யக்கூடாதா?" என்று கேட்கும் முன், யோசிப்பதற்கு அவருக்கு அமைதி இருந்ததா என்று எண்ணிப் பார்க்க அந்தக் கரும்பு விவசாயிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

சிறுவாட்டின் அறிவியல்

கேட்டுத் தெரிந்துகொண்டால் எத்தகைய தீர்வுகள் பிறக்கும்? பிலிப்பைன்ஸில் ஒரு கிராம வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு, தாமே குறித்த நாள் வரையிலோ தாமே குறித்த தொகை சேரும் வரையிலோ பணத்தை எடுக்க முடியாத ஒரு கணக்கு அளிக்கப்பட்டது. கூடுதல் வட்டி எதுவும் இல்லை. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள யார் முன்வருவார் என்று தோன்றும். அழைக்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினர் முன்வந்தார்கள். ஓராண்டு முடிவில், இந்த வாய்ப்பு அளிக்கப்பட்ட குழுவின் சராசரிச் சேமிப்பு, அளிக்கப்படாத குழுவோடு ஒப்பிடுகையில் 81 விழுக்காடு உயர்ந்திருந்தது. 2006-இல் வெளியான இந்த ஆய்வை நடத்தியவர்கள் நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர்.

நம் நாட்டில் கூலித் தொழிலாளர்களிடையே திலீப் சோமனும் அமர் சீமாவும் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. சேமிக்க வேண்டிய தொகையை ஓர் உறையில் தனியே போட்டு, அந்த உறையின்மேல் அவர்களுடைய பிள்ளைகளின் படத்தை ஒட்டினார்கள். படம் இருந்த உறையில் பணம் கூடுதலாகத் தங்கியது. பிள்ளையின் முகத்தைக் கிழித்துப் பணம் எடுக்க மனம் வருமா?

இவற்றைப் படிக்கும் தமிழ் வாசகர் புன்னகைக்கக்கூடும். கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் நம் வீட்டுப் பெண்கள் சேர்த்த சிறுவாட்டுப் பணமும், வேண்டுதலுக்கென்று மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசும் இதே அறிவுதான். முடிந்துவைத்த காசை எந்த அவசரத்திலும் யாரும் அவிழ்ப்பதில்லை. அது தெய்வத்துக்கு உரியதாகிவிட்டது. பணத்துக்குப் பெயரிட்டால் அது நிற்கும் என்பதை நம் பாட்டிமார்கள் அறிந்திருந்தார்கள். ஆய்வாளர்கள் செய்த நற்பணி, அதை ஏளனம் செய்யாமல் அளந்து பார்த்ததுதான்.

இரு முனையும் கூரான கத்தி

மனித இயல்பைப் பற்றிய இதே அறிவு, விற்பவர் கையில் வேறு முகம் காட்டுகிறது. "இன்னும் இரண்டே நிமிடம்" என்று ஓடும் பொய்க் கடிகாரம், கேளாமலே கூடையில் சேரும் பொருள், எளிதில் சேரலாம் ஆனால் விலக வழி தெரியாத சந்தா ஆகியவையெல்லாம் நம் பலவீனங்களை ஆராய்ந்து வடிவமைக்கப்பட்டவை. 2023 நவம்பரில் இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை விதித்தது. பிறரைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும், வங்கிகளும் இதில் அடக்கம், ஒரு கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் கண்டறிந்ததை அவரிடமே வெளிப்படையாகச் சொல்ல என்னால் முடியுமா? முடியாதென்றால் அது வேட்டை.

வங்கித் துறைக்கு இது இன்று முதன்மையான கேள்வி. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் திறக்கப்பட்ட கணக்குகள் 2023-இல் 50 கோடியைத் தாண்டின. கதவைத் திறந்த பெருஞ்செயல் அது. ஆனால் உலக வங்கியின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கணக்கு வைத்திருந்தோரில் 35 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் அதில் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கதவு திறந்திருந்தும் ஒருவர் உள்ளே வரவில்லை என்றால், அவருக்கு நிதியறிவு வகுப்பு நடத்துவதற்கு முன்பு அவர் வாசலில் சென்று உட்கார்ந்து கேட்க வேண்டும்: பணம் எந்த நாளில் வருகிறது? யார் கைக்கு வருகிறது? வந்த அன்றே யார் யார் கேட்கிறார்கள்? கிளைக்கு வந்தால் ஒருநாள் கூலி போகுமா?

உங்கள் வீட்டிலிருந்தே

இந்த அறிவியலைப் பழக ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி முன்பணம் கேட்டால், "போன மாதம்தானே வாங்கினீர்கள்?" என்பதற்கு மாறாக, அவருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு செலவு வருகிறது என்று கேளுங்கள். ஒருவேளை மாதச் சம்பளத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலே முன்பணம் தேவைப்படாமல் போகலாம். வயதான தந்தை ஓய்வூதியத்தை முழுவதும் எடுத்துப் பீரோவில் வைத்தால், ஏடிஎம் அட்டையைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். கையில் பணம் இருப்பது அவருக்கு எதைத் தருகிறது என்று கேளுங்கள். நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் யாரிடமும் கையேந்தக் கூடாது என்ற அச்சம் அதில் இருக்கலாம். அச்சம் தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்யலாம். உங்கள் பணத்தையும் இவ்வாறே விசாரியுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்ற முடிவு தொடர்ந்து தோற்றால், உங்களிடம் உறுதி இல்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். சம்பளம் வரும் நாளிலேயே ஒரு தொகை தானாகத் தொடர் வைப்புக்குச் செல்லும்படி செய்யுங்கள். அந்தக் கணக்குக்கு ஒரு பெயரும் வையுங்கள்.

எங்களைப் போன்ற வங்கியாளர்கள் உங்களுக்கு அறிவுரை சொல்லும்போதும் இடைமறித்துச் சொல்லுங்கள்: "முதலில் என் கணக்கைக் கேளுங்கள்" என்று. தாராவி அம்மையார் அன்று தயங்கி நின்ற சில நொடிகளில் சொல்ல நினைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பெண் செவிலியர் படிப்பை முடித்தார். கல்வி ஆண்டின் நடுவில் அம்மையார் வந்து, மாதம் 500 ரூபாயில் ஒரு தொடர் வைப்பு தொடங்கினார். இம்முறை நான் தாளை எடுக்கவில்லை. "எதற்காக, அம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைமணி நேரம் பேசினார்.